என்ஜினுக்குக் கண் மை

“உண்மையைச் சொன்னா ஏம்மா எல்லாரும் சிரிக்கிறாங்க?”

கேட்டது என் மகள் நிலா. யுகேஜி படிக்கிறாள். கேட்டுப் பத்து நாளாகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். தப்பு யார் மேல் என்று நீங்களே பாருங்கள். என் மேல்தான்... ஆனாலும் பாருங்கள்.

என் கணவர் கார்த்திக்கு ரயில் பைத்தியம் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். தாம்பரத்தில் நாங்கள் ஃபிளாட் பார்த்தபோது நான் தண்ணீர் வருமா என்று விசாரித்தேன். அவர், பால்கனியிலிருந்து தண்டவாளம் தெரியுமா என்று விசாரித்தார். அப்படிப்பட்டவருக்கு இங்கிலாந்திலிருக்கும் நண்பர் மூலம் ஒரு மாடல் என்ஜின் வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் டீசல் என்ஜின். அசலை எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கியது. முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலைவிடக் கொஞ்சம் குட்டை. முன்னால் நாய்க்குட்டி போல மூக்கு. தலைமுடி கனத்தில் கைப்பிடிக் கம்பிகள். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு டிரைவர், கோட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஒரே ஒரு குறை. என்ஜின் முழுக்க அழுக்கு.

ஆயுத பூஜையன்று காலை, “என் என்ஜினையும் பூஜைல வெச்சிடு” என்று சொல்லிவிட்டு, பூசணிக்காயும் பொரியும் வாங்க மார்க்கெட்டுக்குப் போனார் கார்த்தி. ஆயுத பூஜைக்கு முன்னால் வீட்டில் என்ன செய்வோம்? எல்லாவற்றையும் துடைப்போம். மிக்ஸியைத் துடைத்தேன். ஸ்கூட்டியைத் துடைத்தேன். நிலாவின் பென்சில் பாக்ஸைக்கூடத் துடைத்தேன். என்ஜினை மட்டும் விட்டால் சாமி என்ன நினைக்கும்? சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ். பத்தே நிமிடம். அடியிலிருந்து பளபளவென்று ஒரு பச்சை வந்தது பாருங்கள்... எனக்கே கை தட்ட வேண்டும் போலிருந்தது.

மூக்கில் சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்துவிட்டுத்தான் பெட்டிக்குள் இருந்த சின்ன அட்டையைக் கவனித்தேன். இந்த என்ஜினின் புகைக்கறை, எண்ணெய்க்கறை, தூசி எல்லாம் கையாலேயே பூசப்பட்டவை என்று அதில் போட்டிருந்தது. கீழே ஒரு கலைஞரின் கையெழுத்து.

அதாவது, உலகத்தில் ஒருவர் உட்கார்ந்து அழுக்காக்குகிறார். அதற்குக் கையெழுத்தும் போடுகிறார். நான் அதைத் துடைத்துவிட்டேன்.

கார்த்தி வந்தபோது என்ஜின் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்கு மேல் பொட்டு.

“வெளில எடுத்து வெக்கலையா?”

“தூசி படியும்ல, கார்த்தி.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு அன்பு. “உனக்குத்தான்டி என் மேல அக்கறை” என்றார். அந்த நேரத்தில் பூசணிக்காய்க்குப் பதில் என்னை உடைத்திருந்தால்கூடச் சம்மதித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் மாடல் ரயில்காரர்கள் கூடுகிறார்கள். அங்கேதான் கார்த்தி பெட்டியைத் திறப்பதாக ஏற்பாடு. நடுவில் இரண்டு நாள். மறுநாள் காலை நிலாவைக் கூட்டிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரம் ஓரமாக ஒரு டீசல் என்ஜின் உறுமிக்கொண்டு நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மேலே கைப்பிடியில் சாய்ந்திருந்த ஊழியர் குனிந்தார். என் வயதுதான் இருக்கும்.

“இன்னாம்மா, அப்போலேர்ந்து வண்டியவே பாத்துகினு கீற? யாராச்சும் வரணுமா?”

“இல்லண்ணா... அழுக்கு பாக்க வந்தேன்.”

“அத்த பாக்கறதுக்கா கொயந்தயக் கூட்டிகினு வந்த?”

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு இறங்கி வந்து கையை நீட்டிக் காட்டினார். “பொக வர்ற எடத்தாண்ட பாரு, கறுப்பு. டீசல் ஊத்தற மூடிக்குக் கீய வயிஞ்ச கோடு. சக்கரத்தாண்ட பிரேக் தூளு... அது கறுப்பு இல்லம்மா, காவி. எல்லா எடத்துலயும் ஒரே மாரி பூசிடாத. அது அயுக்கு இல்ல, பெயிண்ட்டு.”

விஜயதசமிக்கும் லீவு கொடுக்காத அலுவலகத்துக்குக் கார்த்தி போயிருந்த அந்த மதியம், நானும் நிலாவும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். புகைக்கு நிலாவின் கண் மை. பிரேக் தூளுக்குச் சந்தனம், குங்குமம், அதில் மை ஒரு துளி. தூசிக்கு விபூதி. என் ஐ ஷேடோ பிரஷ்தான் தூரிகை. எண்ணெய்க் கோட்டை இழுத்தது நிலா, நாக்கைக் கடித்துக்கொண்டு, பல் குத்தும் குச்சியால். உதிராமலிருக்க மேலே லேசாக ஹேர் ஸ்பிரே. ஜன்னலுக்குள் கோட் போட்ட அந்தக் குட்டி டிரைவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, சேலையூரில் ஒரு குடியிருப்பின் பொது ஹால். நீள மேஜையில் தண்டவாளம். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர், குழந்தைகளைவிடக் குழந்தைகளாக. கார்த்தி பெட்டியைத் திறந்தார். நான் நிலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டலூரிலிருந்து வந்திருந்த பெரிய சார் ஒருவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். இந்தக் கூட்டத்தில் அவர் சரி என்றால் சரி. ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு தடவை முகர்ந்தும் பார்த்தார்.

“லேசா விபூதி வாசனை அடிக்குதே?”

“இங்கிலீஷ் பவுடர் சார், அப்படித்தான் இருக்கும்” என்றார் கார்த்தி.

“சக்கரத்துகிட்ட பாருங்கப்பா. கறுப்பு அடிக்காம காவி குடுத்திருக்கான். நிஜ என்ஜின் பக்கத்துல போய் நின்னு பாத்தவன்தான் இதைப் பண்ண முடியும். ஆர்டிஸ்ட்டுய்யா.”

ஹால் கை தட்டியது. கார்த்தியின் முகம் கல்யாணத்தன்றுகூட அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கோ தரையில் கால் பாவவில்லை. ஆர்டிஸ்ட்... என்னைத்தானே சொல்கிறார்?

அப்போதுதான் நிலா வாயைத் திறந்தாள். “அங்கிள், அதுக்கு எங்கம்மாதான் கண் மை வெச்சாங்க. அந்தக் கோடு நான் போட்டது.”

பூதக்கண்ணாடி நிலா பக்கம் திரும்பியது. பிறகு ஹாலே சிரித்தது. “செம கற்பனை பாப்பாவுக்கு” என்று ஒருவர் அவள் கன்னத்தைக் கிள்ளினார். கார்த்தியும் சிரித்தார். நானும்... ஆமாம், நானும் சிரித்தேன்.

கார்த்தியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் எனக்குப் பின்னாலிருந்துதான் அந்தக் கேள்வி வந்தது. பொய் சொல்லக் கூடாது என்று தினமும் அவளுக்குச் சொல்வது யார்? நான்தான். அவள் சொல்லிவிட்டாள். அவள் பொய் சொன்னது போல ஆக்கியது யார்?

இப்போது கார்த்தி அந்த இங்கிலாந்துக் கலைஞருக்கு நன்றி சொல்லி நீளமாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். பிரேக் தூளுக்கே ஒரு பத்தி. இன்னும் அனுப்பவில்லை, என்னிடம் காட்டி இங்கிலீஷ் சரிபார்க்கச் சொல்கிறார். நானும் கமா போட்டுக் கொடுக்கிறேன்.

சொல்லிவிடத்தான் வேண்டும், நிலாவுக்காக. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எப்படி? அந்த முகம் வாடாமல், அந்தக் கடிதம் போகாமல், முக்கியமாக ‘உனக்குத்தான் அக்கறை’யை அவர் திரும்பப் பெறாமல், எப்படிச் சொல்வது? உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது துடைத்துவிட்டுச் சமாளித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

கொஞ்சம் சீக்கிரமாக. ரயில் இல்லாத எதையும் கார்த்தி படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் இத்தனை வாரம் இங்கே அவரைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் பத்திரிகை ஆசிரியர், கட்டுரைக்கு என்ஜின் படம் போடப் போகிறாராம்.