பிரேக்கும் விமானத்தின் முன்காலும்

பிரேக்கு என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது, என் தம்பி நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கத்தோடு வீட்டுக்குள் நுழைந்த அன்றுதான்.

"யாருடா அடிச்சது?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"யாரும் அடிக்கலக்கா. இன்னிக்கு பிரேக்கு வண்டி, அவ்வளவுதான்."

எங்கள் ஊர்த் தடத்து பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த டிரைவராம். தூரத்தில் ஒரு கோழி தெரிந்தால்கூட முழுக் காலையும் பிரேக்கில் வைத்துவிடுவாராம். வண்டி நின்றுவிடும். உள்ளே இருக்கிறவர்கள் நிற்கமாட்டார்கள். மறுவருஷமே என் தங்கை அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள். "அவர் வண்டியில அடிபட்டு ஒரு கோழி செத்துதுன்னு காட்டுங்க பாப்போம்" என்றாள். யாராலும் காட்ட முடியவில்லை.

நல்ல மனுஷர்தான். அதிர்ந்து பேசமாட்டார், சோற்றில் உப்பு இல்லை என்றாலும் சொல்லமாட்டார். ஆனால் எந்நேரமும் முன்னால் என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கல்யாணப் போட்டோவிலும் அவர் கண் கேமராவில் இல்லை. போட்டோக்காரர் முதுகுக்குப் பின்னால் யாரோ நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார்களாம், அங்கே இருக்கிறது.

பஸ் ஓட்டி ஓய்வதற்குள்ளேயே அவருக்கு இன்னொரு கிறுக்கு பிடித்துவிட்டது. பாகங்களை வரவழைத்து வீட்டிலேயே ஒரு சின்ன விமானம் கட்ட ஆரம்பித்தார். வால் படுக்கையறையில், ஒரு இறக்கை நடையில், இன்னொன்று சமையலறை வாசலில். "அடுப்புக்குப் போகணும்னா இறக்கைக்கு அடியில குனிஞ்சுதான் போகணும். சக்களத்தி வந்திருந்தாகூட ஒரு மூலையில இருந்திருப்பா" என்று என் தங்கை பொருமுவாள். வருஷங்கள் ஓடின. ஊருக்கு வெளியே இருந்த பறக்கும் கழகத்தில் சேர்ந்து, எந்த அடியையும் தாங்கும் அவர்களுடைய கனத்த விமானத்தில் பழகி, உரிமமும் வாங்கிவிட்டார். சொந்த விமானத்தையும் கழகத்துக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தியாயிற்று.

மேலே போவதில் ஒரு குறையும் இல்லை. இறங்கும்போதுதான் வினை. முதல் தடவை இறங்கியபோதே முன்சக்கரத்தைத் தாங்கும் கால் மடங்கி, விமானம் குப்புற மூக்கைத் தரையில் வைத்து, மூக்கில் சுழலும் விசிறி சிம்பு சிம்பாகப் போயிற்று. சரிசெய்து ஏறினார். மறுபடியும் கால் வளைந்தது. வெல்டிங் பட்டறை வைத்திருந்த என் தம்பிதான் இரண்டு தடவையும் பற்றவைத்தவன்.

"மச்சான், இது வெறும் குழாய். முன்சக்கரம் திரும்புறதுக்குத்தான் இருக்கு, சுமக்குறதுக்கு இல்ல. பின்னாடி ரெண்டு சக்கரமும் முதல்ல உக்காரணும். கைப்பிடிய வயித்தோட இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருங்க. வேகம் கொறஞ்சு மூக்கு தானா எறங்கட்டும். அதுவரைக்கும் பிரேக்கத் தொடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மூக்கத் தூக்கிப் பிடிச்சா முன்னாடி ஒண்ணும் தெரியலையே மாப்ள."

"என்ன தெரியணும்? காலி மைதானம்."

"காலின்னு பாக்காம எப்படித் தெரியும்?"

அதுதான் விஷயம். முன்னால் தெரியாமல் ஓட்டுவது அவருக்கு ஆகாது. தரை நெருங்கியதும் எட்டிப் பார்ப்பதற்காக மூக்கை இறக்கிவிடுவார். இறக்கினால் எடை எல்லாம் முன்காலில் விழும். போதாததற்கு இவர் காலும் பிரேக்கில் விழும். அந்தக் குழாய்தான் என்ன செய்யும், பாவம்.

மைதானத்தை நடத்திய மேலாளர் பொறுத்துப் பார்த்தார். "ஐயா, இன்னொரு தடவை கால் ஒடிஞ்சா வண்டியக் கொட்டகையிலேருந்து எடுத்துட்டுப் போயிடுங்க. உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா கழகத்துல கேள்வி கேக்குறாங்க" என்றார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் விமானம் இறங்க வேறு மைதானம் கிடையாது. பிரேக்கு இரண்டு வாரம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. சாப்பாட்டுத் தட்டையே ரோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் தங்கைக்குத் தாங்கவில்லை. "ஏங்க, டிப்போவுல ரிவர்ஸ் எடுப்பீங்களே, பின்னாடி தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. கண்டக்டர் நின்னு சொல்லுவான்."

"அவரு 'வரட்டும் வரட்டும்'னு சொன்னா கண்ண மூடிக்கிட்டு வருவீங்கல்ல?"

"பின்ன? அவன் 'போதும்'னு சொல்ற வரைக்கும் வருவேன்."

"அப்ப அவரையே பக்கத்துல ஏத்திக்கங்க!"

அந்தக் கண்டக்டர் நெட்டையான ஆள், தூக்கிய மூக்கைத் தாண்டியும் எட்டிப் பார்க்கக்கூடியவர். சொந்த வீட்டு விசேஷத்தில்கூட வந்தவர்களை "உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்று தள்ளிக்கொண்டிருப்பவர். விமானம் என்றதும் முகம் வெளுத்தது. ஆனாலும் வந்தார். கூடத்தில் ஒரு நாற்காலியைப் பின்னால் சாய்த்துச் சுவரில் முட்டுக்கொடுத்து பிரேக்கை உட்காரவைத்தார்கள். விமானத்தின் கைப்பிடிக்குப் பதிலாகக் கையில் என் தங்கையின் கரண்டி. அவர் கரண்டியை வயிற்றோடு பிடித்துக்கொண்டு கூரையைப் பார்க்க, கண்டக்டர் பக்கத்தில் நின்று "வரட்டும், வரட்டும், போதும்" என்பார். நான் போயிருந்த அன்று இதைப் பார்த்துவிட்டு, சிரிக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

பறந்த அன்று நாங்கள் எல்லோரும் மைதானத்து ஓரத்தில் நின்றோம். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விமானம் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி வந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் புல்லைத் தொட்டன. மூக்கு மேலேயே நின்றது. என் தம்பி என் தோளைப் பிடித்த பிடியில் சதை கன்றிவிட்டது. விமானம் ஓடியது, ஓடியது, வேகம் குறையக் குறைய மூக்கு மெல்லத் தணிந்து, பூனை பாதம் வைப்பதுபோல முன்சக்கரம் தரையில் உட்கார்ந்தது. பிறகும் நிற்கவில்லை. ஊர்ந்துகொண்டே போய், கடைசியில் இருந்த முள்வேலிக்கு ஒரு முழம் இருக்கும்போது தானாக நின்றது.

ஓடிப்போனோம். "ஏன்டா போதும்னு சொல்லல? வேலிக்குள்ள விட்டிருப்பேனே!" என்று பிரேக்கு கத்திக்கொண்டிருந்தார்.

"எப்படிண்ணே சொல்றது? கண்ணத் தொறந்தாத்தானே வேலி தெரியும்?"

"மூடிட்டியா? எப்பலேருந்து?"

"ஏறினதிலேருந்து."

பிரேக்கு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானும் பாக்கல, நீயும் பாக்கல. அப்ப யாருதான்டா பாத்தது?"

"நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்" என்றாள் என் தங்கை. "மூச்சுகூட விடல."

மேலாளர் குனிந்து முன்காலைத் தடவிப் பார்த்தார். சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். "நேராத்தான் இருக்கு. வண்டிய உள்ள விடுங்க" என்றார்.

கண்டக்டர் அதற்குப் பிறகு ஏணியில்கூட ஏறவில்லை. பிரேக்கு தானே உரக்க "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிக்கொண்டு இறங்கப் பழகிக்கொண்டார். முன்னால் தெரியாதபோது பக்கவாட்டில் புல்லைப் பார்த்துக்கொள்ளவும் தெரிந்துகொண்டார்.

இப்போது அவரும் என் தங்கையும் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார்கள். காற்று இல்லாத காலைகளில் பறக்கிறார். என் தம்பி பற்றவைத்த அந்த முன்கால்தான் இன்னும் இருக்கிறது. இன்றைக்குக் காற்று அதிகம், அதனால் வீட்டில் இருக்கிறார்.