மாமாவின் ஆறாம் பாட்டு

எங்கள் ரிசார்ட்டின் வரவேற்பறையில், சாவிகள் தொங்கும் பலகைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர் உண்டு. காலையிலிருந்து அதில் மாமாவின் டிரம்பெட் ஓடிக்கொண்டே இருக்கும். பூவாருக்கு வரும் விருந்தாளிகள் யார் வாசிப்பது என்று கேட்டால் சிடியை எடுத்து நீட்ட வேண்டும். அதுவும் என் வேலைதான். அட்டையில் மாமா வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பார். அந்தக் கோட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

அம்மாவின் தம்பி அவர். மாதா கோயில் பேண்டில் ஊதப் பழகி, பிறகு இங்கே சனிக்கிழமைதோறும் ஜாஸ் வாசித்தார். ஒரு பாட்டை ஒருதரம் வாசித்த மாதிரி மறுதரம் வாசிக்க மாட்டார். அதில் மயங்கி நான் அறைச் சாவியை மாற்றிக் கொடுத்ததுண்டு. முதலாளிக்கு அதெல்லாம் பிடிபடவில்லை. மாமாவைத் திருவனந்தபுரத்து ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போய், மெஷின் தாளத்தோடு, விலைபோகிற மாதிரி ஓர் ஆல்பம் போடவைத்தார். கடைசியாக மெதுவாய், இனிமையாய் ஒன்று கேட்டிருக்கிறார். எங்கள் கரையில் சவப்பெட்டி வீட்டைவிட்டு இறங்கும்போது பேண்டு வாசிக்கும் பாட்டை மாமா ஊதிவிட்டார். அதுதான் ஆறாம் பாட்டு.

அதைக் கேட்டால் எங்கள் ஆட்கள் எழுந்து, தலைத்துண்டை எடுத்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். இங்கே ஒரு கல்யாண விருந்தில் முதல்முறை அது ஒலித்தபோதும் பாத்திரம் கழுவும் பெண்கள் எழுந்து நின்றார்கள். ரிசார்ட்டில் படகோட்டும் எங்கள் கரைக்காரர் ஒருவர் மாமாவை வழிமறித்துத் திட்டினார்.

“எலே, மரிச்சவங்களுக்க பாட்டையா வித்த?”

“மெதுவா ஒண்ணு கேட்டாங்க. எனக்கு மெதுவாத் தெரிஞ்சது அதாக்கும்.”

கோயில் பேண்டு அதன்பின் அவரைக் கூப்பிடவில்லை. சிடி இருக்க ஆள் எதற்கென்று முதலாளியும் சனிக்கிழமையை நிறுத்திவிட்டார். மாமா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: “எனக்க சாவுக்கு பேண்டுக்காரங்க அத வாசிச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம், மக்கா.”

போன மாதம் மாமா போய்ச் சேர்ந்தார். அன்றைக்கும் ஒரு கல்யாணம். லீவு கிடையாது என்றார்கள். கெஞ்சவும் தெம்பில்லாமல் வந்து உட்கார்ந்தேன். மத்தியானம் அம்மா போனில் அழுதாள். “பேண்டு வந்திருக்கு. அந்தப் பாட்டு மட்டும் வாசிக்க மாட்டாங்களாம். பெட்டி இறங்கப் போவுது மக்கா.”

அடப் பாவிகளா! அழுகையைவிடக் கோபம்தான் முந்தியது. ஆறாம் பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். மணமக்கள் போட்டோவுக்குச் சிரித்தபடி நின்றார்கள். சமையலறைப் பெண்கள் ஈரக்கையோடு வந்து வாசலில் நின்றார்கள். மாமாவைத் திட்டிய அதே படகோட்டி, படகுத்துறையில் எழுந்து தலைத்துண்டை எடுத்தார். சாவிப் பலகைக்கு மேலே, தன் சாவுக்கு மாமாவே ஊதிக்கொண்டிருந்தார்.