அனந்தபுரத்தில் சொன்ன கதை

போன வாரம் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு செஞ்சிக் கடைத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். கண்ணாடிக்காரர் பழகினால் சரியாகிவிடும் என்றார். எனக்கோ தரை எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. மூக்கு மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. ஒரு தையற்கடையிலிருந்து மிஷின் எண்ணெய் வாசனை வந்தது. கால் தானாக நின்றுவிட்டது. உள்ளேயிருந்த தையற்காரர், "இன்னாம்மா, ஜாக்கெட்டா?" என்றார். "இல்லப்பா, சும்மாத்தான் நிக்கிறேன்" என்றேன். நான் எத்தனையோ வருஷம் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

நாற்பதுகளின் தொடக்கம். யுத்த காலம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் கூட முழுதாக ஆகவில்லை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டப் பட்டாளத்தில் சேர்ந்து மலாயாவுக்குக் கப்பலேறினார். பிறகு சிங்கப்பூர் விழுந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்கப்புறம் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

என் அப்பா பக்கத்து ஊர் வல்லத்திலிருந்து வந்து கூப்பிட்டுப் பார்த்தார். "தனியா இங்க இன்னா பண்ணப் போற? வீட்டுக்கு வந்துடு."

"அவரு வந்தா செஞ்சியிலதான் நைனா எறங்குவாரு" என்றேன். அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பட்டாளத்திலிருந்து மாசாமாசம் குடும்பப் பணம் வந்துகொண்டிருந்தது. வயிற்றுக்குக் குறையில்லை. பேச்சுக்குத்தான் ஆள் இல்லை. ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியதும் எங்கள் தெரு சட்டென்று மங்கிவிடும். அந்த நேரத்தில் வீடு இருக்கிற இருப்பைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு, மறுநாள் முழுக்கப் பழையது சாப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் மாதா கோயிலில் யாராவது இரண்டு வார்த்தை பேச மாட்டார்களா என்று செருப்பை மெதுவாக மாட்டுவேன். கேட்டால் சிரிப்பீர்கள். நான் வேலை தேடிப் போனது அந்த வீட்டுக்குள் ஒரு குரலும் கேட்காமல் இருந்ததைத் தாங்க முடியாமல்தான்.

கன்னியாஸ்திரிகளிடம் கொஞ்சம் தையல் படித்திருந்தேன். நான் தைத்த முதல் ஜாக்கெட்டில் ஒரு கை புஜத்துக்குச் சரியாக இருந்தது, இன்னொன்று தொடைக்குச் சரியாக இருந்திருக்கும். அந்தத் தகுதியோடு ஒரு மிஷின் கடையில் சேர்ந்தேன். யுத்தத்தால் புது மிஷின் வரத்து நின்றுபோயிருந்தது. முதலாளி பாண்டிச்சேரி, மெட்ராஸ் என்று அலைந்து பழைய மிஷின்களை வாங்கி வந்து, பழுது பார்த்து விற்பார். வாங்க வருகிறவர்களுக்குத் தைத்துக் காட்டுவது என் வேலை.

முதலாளி நல்ல மனுஷர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வாயைத் திறந்தால் கதை. கடையில் இருந்த ஒவ்வொரு மிஷினும் ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரைசானி தைத்ததாம். அவர் சொன்னதை நம்பினால், அந்தக் காலத்துத் துரைசானிகள் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை மிஷினை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள். நானும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். துரைசானி கதையால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் அனந்தபுரத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மிஷினைக் கரி பஸ்ஸின் தலையில் ஏற்றிக்கொண்டு முதலாளியும் நானும் போனோம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய நாட்கள் அவை. ஒரு மேடு வந்தால் நாமெல்லாம் இறங்கி நடக்க வேண்டும், பஸ் நம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். போய்ச் சேர்ந்தபோது என் வெள்ளை ஜாக்கெட் சாம்பல் நிறமாகியிருந்தது.

கன்னியம்மா என்று பெயர் அந்த அம்மாவுக்கு. என்னைவிட ஏழெட்டு வயசு பெரியவள். கடலைக் கொல்லையில் பாம்பு கடித்துப் புருஷன் போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகள். வாசலில் ஒரு கறவை மாடு நின்றுகொண்டிருந்தது. அதை விற்றுவிட்டு மிஷின் வாங்கலாம் என்பது யோசனை. நான் ஒரு பழைய துணியில் நேர்த்தையல் போட்டுக் காட்டினேன். கன்னியம்மா துணியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி மெதுவாக ஆரம்பித்தார். "இந்தப் பொண்ணைப் பாரும்மா. இதோட புருஷனும் யுத்தத்துல செத்துட்டான். ஒருத்தர் கையை எதிர்பாக்கல. இந்த மிஷின்தான் சோறு போடுது."

என் கால் மிதியில் அப்படியே நின்றுவிட்டது.

கன்னியம்மா என் கழுத்தைப் பார்த்தாள். "பின்ன தாலி இருக்குதே?"

"அவங்க வேதக்காரங்கம்மா, மாதா கோயிலுக்குப் போறவங்க. புருஷன் போனாலும் கழட்ட மாட்டாங்க" என்றார் முதலாளி, கொஞ்சம்கூடத் தடுமாறாமல்.

கன்னியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னால முடிஞ்சிருக்குது. அப்ப என்னாலயும் முடியும்" என்றாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி மாட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவரு சாவல" என்றேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். முதலாளி தொண்டையைக் கனைத்தார். நான் நிறுத்தவில்லை. "எங்க இருக்காருன்னு தெரியாது. செத்துட்டாருன்னு யாரும் சொல்லல. மிஷின் எனக்குச் சோறு போடலக்கா. பட்டாளத்துப் பணம் வருது, அதுலதான் சாப்புடுறேன். இதை மட்டும் நம்பியிருந்தா நான் பட்டினிதான்."

கன்னியம்மா என் கையை விட்டுவிட்டாள். நான் தைத்த துணியை எடுத்து முதல் தடவையாகப் பார்த்தாள். பிறகு அவள் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "சரி, எனக்கு ஆவுமா ஆவாதா, அத்தச் சொல்லு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். துணி ரேஷனில் வருகிறது, அதனால் புதுத்துணி தைக்க ஆள் குறைவு. ஆனால் கிழிசல் தைக்கவும், பெரியவர்கள் துணியைப் பிள்ளைகளுக்குச் சிறிசாக்கவும் நிறையப் பேர் வருகிறார்கள். ஆண் தையற்காரரிடம் அளவு கொடுக்கக் கூச்சப்படுகிற பெண்கள் ஜாக்கெட்டுக்கு என்னைத் தேடி வருகிறார்கள். கை படிய நாளாகும், அதுவரை மாடு இருக்கட்டும்.

திரும்பும் பஸ்ஸில் மிஷினும் எங்களோடு திரும்பியது. பாதி வழியில் முதலாளி, "உன்னை இன்னாத்துக்குக் கூட்டினு வரேன்?" என்றார்.

"தைச்சிக் காட்ட."

"அத்தோட நிக்க வேண்டியதுதான?"

"மாட்ட வித்துட்டு அந்தம்மா நடுத்தெருவுல நின்னா, நீங்க சொன்ன கதையா அண்ணா பால் கறக்கும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாளைக்கு வேலைக்கு வராதே என்பார் என்று எதிர்பார்த்தேன். மறுபடி அந்த வீட்டில் நாளெல்லாம் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் மறுநாள் போனேன், வழக்கம்போல எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கொடுத்தார்.

சில வாரம் கழித்துக் கன்னியம்மா தானே செஞ்சிக்கு வந்தாள், மிஷின் வாங்க அல்ல, கற்றுக்கொள்ள. சந்தை நாளில் வந்து கடையின் பின்பக்கம் என்னோடு உட்காருவாள். அவள் புருஷனைப் பற்றி அவள் பேசுவாள், என் வீட்டுக்காரரைப் பற்றி நான் பேசுவேன். அவள் "இருந்தாரு" என்பாள். நான் "இருக்காரு" என்பேன். அதை ஒருநாளும் அவள் திருத்தியதில்லை. கடலை வெட்டு முடிந்து காசு கைக்கு வந்ததும் ஒரு மிஷின் எடுத்துக்கொண்டாள், மாட்டை விற்காமலே. முதலாளி துரைசானியை ஆரம்பிக்க வாயெடுத்தார், என்னைப் பார்த்தார், "நெறைய ஓடுன மிஷின்மா. பெல்ட்டு புதுசு" என்று முடித்துக்கொண்டார். மற்றவர்களிடம் துரைசானிகள் தொடர்ந்து தைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் என்னைப் பற்றி மட்டும் அவர் அதன்பின் எங்கேயும் கதை சொல்லவில்லை.

யுத்தம் முடிந்தது. பட்டாளத்துக்காரர்கள் திரும்பத் தொடங்கினார்கள். மேல்மலையனூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், எலும்பும் தோலுமாக, என் வீட்டைத் தேடி வந்தார். ஜப்பான்காரனிடம் பிடிபட்டு என் வீட்டுக்காரரோடு ஒரே முகாமில் இருந்தவர். சிங்கப்பூர் விழுந்து கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் போய்விட்டாராம். அப்படியென்றால், நான் அனந்தபுரத்தில் "சாவல" என்று சொன்னபோது அவர் மண்ணுக்குள் போய் வெகுநாள் ஆகியிருக்கிறது.

முதலாளி வந்து வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. "என் வாயாலதான் வந்துச்சு தங்கச்சி" என்று முகத்தில் அடித்துக்கொண்டார்.

"நீங்க சொல்றதுக்கு முன்னாலயே போயிட்டாரண்ணா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் சொன்னது நெசந்தானா…"

"பொய்தான். உங்களுக்குத் தெரியாதில்ல. எனக்கும் தெரியாது. தெரியாதுன்னுதான நான் சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். நான் பிறகு செஞ்சியிலேயே தங்கிவிட்டேன். தைத்துப் பிழைத்தேன். கன்னியம்மா போய்ச் சேர்ந்தாள், முதலாளியும் போய்ச் சேர்ந்தார். மிஷின் கடை இருந்த இடத்தில் மூன்று மாடி லாட்ஜ் நிற்கிறது. கரி பஸ் என்றால் தெருப் பிள்ளைகள் நான் புளுகுவதாக நினைக்கிறார்கள்.

அதெல்லாம் போகட்டும். என் வீட்டுக்காரருக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். அதனால் சிரிக்கும்போது புறங்கையால் வாயை மறைத்துக்கொள்வார். அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் இந்த ஊரில் இன்று என்னைத் தவிர யாரும் இல்லை.