பேர்க்ஸ் போல்ஸ் காட்டில் யோகண்ணையோடு

1995 நவம்பர். மான் வேட்டைக் காலம் திறப்பதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் காரை எடுத்தபோது இன்னும் விடியவில்லை.

யோகராசா எங்கள் பக்கத்து அப்பார்ட்மென்ற்காரர். எல்லோருக்கும் யோகண்ணை. ஸ்காபரோவில் படகுகளுக்கு மூடுதுணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்த கனேடியர் ஒருவரோடு காட்டுக்குப் போய்ப் பழகி, வகுப்பும் பரீட்சையும் முடித்து, லைசென்சும் ஒரு பழைய துவக்கும் வாங்கி வைத்திருந்தார். நான் துவக்கைத் தொட்டதே இல்லை. நான் போனதற்குக் காரணம் என் மனைவி.

அந்த வாரம், ஆமி நெருங்கி வர, யாழ்ப்பாணம் வெறுமையாகிக்கொண்டிருந்தது. சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நடப்பதாகச் செய்தி. யோகண்ணையின் மனைவியும் இரண்டு மகள்மாரும் கொக்குவிலில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கான ஸ்பொன்சர் வேலை பாதியில் நின்றது. ஒரு தகவலும் இல்லை. நாட்கணக்காக ரெலிபோனுக்குப் பக்கத்தில் சாப்பிடாமல் கிடந்த மனிதர், திடீரென்று வேட்டைக்குப் போவதாகச் சொன்னார்.

"தனிய விடாதேங்கோ. மனிசன் துவக்கோட போகுது. திரும்பி வாற ஆளின்ர முகமே அது?" என்றாள் மனைவி.

நெடுஞ்சாலை 400இல் ஏறி வடக்கே ஓடினோம். பரி நகரில் பெற்றோல் அடித்தோம், லீற்றர் ஐம்பத்தாறு சதம். அங்கிருந்து 11ஆம் சாலை. ஹன்ஸ்வில்லைத் தாண்ட மரங்களில் இலையே இல்லை. ரொறன்ரோவில் இருந்து இருநூற்றறுபது கிலோமீற்றரில் பேர்க்ஸ் போல்ஸ் வருகிறது. ஒரு கடை வாசலில் பொதுத் தொலைபேசி இருந்தது. யோகண்ணை இறங்கிப்போய் ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்கு எடுத்தார். திரும்பி வந்து பெல்ற்றைப் போட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கிறவல் பாதை. பாதை முடிந்த இடத்தில் காரை விட்டுவிட்டு, அரசாங்கக் காட்டுக்குள் ஆறு கிலோமீற்றர் அளவு நடந்தோம். இத்தனை தூரம் சுமந்து நடக்க முடிந்ததற்கு யோகண்ணையின் தையல்தான் காரணம். கடையில் வாங்கும் கூடாரம் ஒரு பிள்ளையின் கனம் இருக்கும். அவர் மெல்லிய நைலோன் வெட்டுத்துண்டுகளை இணைத்துத் தைத்த கூரைத்துணி ஒரு சீனிப் பைக்கற்றின் கனம்தான். தையல் ஓட்டைகள் ஒழுகாமல் இருக்கச் சிலிக்கன் பசை பூசியிருந்தார். முதுகுப்பைக்குள் கம்பிச் சட்டம் கிடையாது. படுக்கும் பஞ்சுப் பாயையே சுருட்டி உள்ளே விட்டால் பை விறைப்பாக நிற்கும். அடுப்பு, இரண்டு சோடாத் தகரங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்தது. ஸ்பிரிற் ஊற்றிப் பற்றவைத்தால் தேத்தண்ணி கொதிக்கும்.

இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி அந்தத் துணியை விரித்தோம். எங்கள் இருவருக்கும் அது மிகவும் பெரிது. ஏன் அண்ணை இவ்வளவு பெரிசாய்த் தைத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"நாலு பேருக்கு அளந்தது" என்றார். ஆணியை அறைந்துகொண்டே இருந்தார்.

திங்கள் காலை செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒரு மேட்டின் ஓரமாக உட்கார்ந்தோம். குளிரில் கால்விரல்கள் இருப்பதே தெரியவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு கலைமான் வந்தது. நின்று, தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தது. யோகண்ணை சுட்டார். அது குனிந்து ஓடியதைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது. நெஞ்சில் பட வேண்டிய வெடி வயிற்றில் பட்டிருந்தது.

வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தக்கூடாதாம். துரத்தினால் சாகும்வரை ஓடுமாம். ஆனால் மழை தொடங்கிவிட்டது. இலைகளில் இருந்த இரத்தம் எங்கள் கண்முன்னே கரைந்தது. காத்திருக்க முடியாமல் நடந்தோம். குனிந்து குனிந்து, ஒவ்வொரு துளியாகத் தேடி, மத்தியானத்துக்குப் பிறகு பீவர் என்கிற நீரெலிகள் அணை கட்டிய ஒரு சதுப்புக்கு வந்து சேர்ந்தோம். மான் அக்கரைக்குக் கிட்ட, புல் திட்டியில் கிடந்தது. உயிர் இருந்தது. தலையைத் தூக்கத் தூக்க விழுந்தது.

இரண்டாவது வெடியில் அது அடங்கியது. சுற்றிவரப் பார்த்தோம், இரு பக்கமும் சேறு. யோகண்ணை துவக்கை என் கையில் தந்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். ஓரத்துப் பனிக்கட்டி கண்ணாடிபோல் உடைந்தது. இடுப்பளவு போனதும் சேறு அவரைப் பிடித்துக்கொண்டது. திரும்பி வாருங்கள் என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேலும் ஒரு அடி வைக்கப் பார்த்தார். நான் துவக்கைப் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, அவருடைய மேலங்கியைப் பின்னால் பிடித்து இழுத்தேன்.

"விடடா. இதையும் விட்டிட்டு வரச் சொல்லுறியோ?" என்றார்.

விடவில்லை. எப்படி இழுத்தேன் என்று இன்றும் தெரியாது. கரையில் ஏறியபோது அவருக்குப் பல் கிட்டியிருந்தது. இருட்ட முன்னம் கூரைத்துணிக்குக் கீழே கொண்டுவந்து, ஈர உடுப்பைக் கழற்றி, அவர் தைத்த போர்வைகள் இரண்டையும் அவர்மேலேயே போர்த்தி, சுடுதண்ணீர் பருக்கினேன். மழை நைலோனில் அறைந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"என்ர பிள்ளையள் மழைக்கை நிக்குதுகள். நான் நனையாமல் கிடக்கிறன்" என்றார்.

அவர் கண்ணயர்ந்ததும் துவக்கின் போல்ற்றைக் கழற்றி என் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். அந்த இரும்புத் தண்டு இல்லாமல் வெடி தீராது.

காலையில் கையை நீட்டினார். "உதைத் தா. நான் அப்பிடிச் செய்யமாட்டன். அதுகள் வந்திறங்கினால் எயார்போர்ட்டில ஆர் நிக்கிறது?"

கொடுத்தேன். வாங்கித் துவக்கில் பூட்டினார்.

சதுப்புக்குப் போய்ப் பார்த்தோம். காகங்களைவிடப் பெரிய கரும்பறவைகள் மானின்மேல் இருந்தன. இறைச்சி வீணானது யோகண்ணைக்குத் தாங்க முடியாததாக இருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சநேரம் நின்றார்.

திரும்பும் வழியில் அதே கடை வாசலில் மறுபடி தொலைபேசி எடுத்தார். இம்முறை நான் கேட்டேன். சனம் இன்னும் நடக்கிறதாம். பெயர்கள் ஒன்றும் தெரியாதாம். நெடுஞ்சாலை 400இல் எதிர்ப்புறம் கூடாரமும் சாமானும் கட்டிய வேட்டைக்காரரின் வண்டிகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன. இந்த நாட்டில் மனிதர்கள் வீட்டை விட்டுக் காட்டில் படுப்பதற்கு ஆசைப்பட்டு லீவு எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த நேரம் மரத்துக்குக் கீழே இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. காட்டில் படுப்பது என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு நாட்டிலும் இரண்டு பொருள். இரண்டையும் ஒருவரே ஒரே கிழமையில் நினைத்துக்கொண்டிருந்தால் அவர் என்ன ஆவார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மாசி மாதம் ஒரு பின்னேரம் யோகண்ணை எங்கள் கதவைத் தட்டினார். சனம் போய்த் தங்கிய கிளிநொச்சியில் இருந்து தகவல் வந்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன். பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். என் மனைவியும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"மூண்டு பேர் வெளிக்கிட்டது" என்றார். "ரெண்டு பேர்தான் போய்ச் சேர்ந்திருக்கினம்."

எந்த இரண்டு பேர் என்று கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.