செவ்வாய்க்கிழமை வெறும் ரசம்

திங்கட்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். நாகூரிலிருந்து போன். "மும்தாஜ் தவறிட்டா சார். விடியக்காலையில நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார் அவருடைய கணவர். அந்த நேரத்தில் நான் மும்தாஜ் பேகம் வெள்ளிக்கிழமை அனுப்பிய கணக்கெடுப்பைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டு விவரத்தில் எனக்குச் சந்தேகம். கூப்பிட்டு ஒரு சண்டை போடலாம் என்று ஆசையாகவே இருந்தேன். அந்தச் சண்டை இனிமேல் கிடையாது என்பது மண்டையில் ஏற வெகுநேரம் ஆனது.

அவரோடு டெல்டா முழுக்கச் சுற்றிய நம் அலுவலகத்தாரில் யாரும் அவரை அழுதுகொண்டு நினைக்க முடியாது. ஸ்கூட்டரின் முன்னால் டேப்லெட் பை, பின்னால் மீன் கூடை. வேலை முடிந்து திரும்பும்போது வாய்க்காலில் தூண்டில் போடுகிறவரிடம் கெளுத்தியோ விராலோ பேரம் பேசாமல் வரமாட்டார். தஞ்சாவூர் அலுவலகத்தில் மாதக் கூட்டம் நடக்கும்போது மேஜைக்கடியில் அந்தக் கூடை துள்ளிய நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரிய அதிகாரி பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து பார்த்தார். "பேசுங்க சார், அதுவும் கேக்கட்டும்" என்றார் மும்தாஜ். அதிகாரியும் சிரித்துவிட்டார்.

வெளியாட்களுக்காகச் சொல்கிறேன், நாம் செய்வது வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு. நாட்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை பேருக்கு வேலை இல்லை என்பதை வீடு வீடாகக் கேட்டு எழுதுவது. மற்ற நாடுகளோடு ஒப்பிட வேண்டும் என்பதால் அளவுகோல் உலகத்துக்கே பொது, ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்தது: கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். குடும்பத்து வயலிலோ கடையிலோ சம்பளம் வாங்காமல் உழைத்தாலும் அப்படித்தான். நான் விதிப் புத்தகத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்தவன். மும்தாஜோ, "ஜெனீவாவுல உக்காந்து எழுதுனவங்களுக்குக் குறுவை, சம்பா தெரியாது சார். நாமதான் கேட்டுச் சொல்லணும்" என்பார்.

ஒரு வருஷம் சம்பா நடவு முடிந்த வாரத்தில் நன்னிலம் பக்கத்து ஊர் ஒன்று அவருக்கு விழுந்தது. களையெடுப்பு இன்னும் தொடங்கவில்லை. மற்றவர்கள் போன ஊர்களிலெல்லாம் பெண்களுக்கு வேலை இல்லை என்றே பதிவு. இவருடைய ஊரில் மட்டும் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் வேலையில். போதாக்குறைக்குக் குறிப்புப் பகுதியில் 'சனி: விரால் குழம்பு', 'செவ்வாய்: வெறும் ரசம்' என்று எழுதி வைத்திருந்தார். எனக்கு வந்ததே கோபம். இது அரசாங்கக் கணக்கா, சமையல் குறிப்பா என்று விளக்கம் கேட்டேன். ஒரு வரியில் பதில் வந்தது: "நேரில் போய்ப் பார்க்கவும்."

மேலிடத்தில் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் உட்கார்ந்து நிரப்பியிருப்பார் என்று சந்தேகம். மும்தாஜ் ஒப்பந்த ஊழியர். மறு ஆய்வு அறிக்கை பாதகமாகப் போனால் அடுத்த மாதத்திலிருந்து வேலை கிடையாது. அவருடைய மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அது. அந்த வாரமே ஆய்வு செய்யப் போனவன் நான். முதலில் எழுதியவர் கூட வரக்கூடாது என்பது விதி. ஆகவே தனியாகப் போனேன்.

முதல் வீட்டில் செல்வி என்ற பெண். புத்தகத்தில் உள்ளபடியே கேட்டேன்: கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது ஏதாவது வேலை செய்தீர்களா? "இல்லைங்க" என்றார். இரண்டாவது வீட்டிலும் இல்லை. மூன்றாவது வீட்டிலும் அதே பதில். மும்தாஜின் கதை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் சொன்னதுதானே சரியாகிறது. கிளம்பி வண்டியை உதைக்கும்போது செல்வி தெருவுக்கே வந்துவிட்டார்.

"ஏங்க, குழம்பு கேக்கலையே?"

"என்ன குழம்பு?"

"போன தடவை வந்த அம்மா ஒவ்வொரு நாளும் என்ன குழம்பு வச்சீங்கன்னு கேட்டாங்களே. அதை வச்சுத்தானே எழுதுனாங்க."

வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். வேறு வழியில்லை. செல்வி விரல் விட்டு எண்ணினார். "நேத்து வத்தக்குழம்பு. முந்தாநாள் சாம்பார். செவ்வாய்க்கிழமை வெறும் ரசம்."

"ஏன் வெறும் ரசம்?"

"எங்க வயல்ல நடவு விட்டுப்போன இடத்துல நாத்து செருகிட்டு வர உச்சி ஆயிடுச்சுங்க. எங்கேர்ந்து குழம்பு வைக்கிறது?"

"வேலை இல்லைன்னு சொன்னீங்களே?"

"சொந்த வயல்தானேங்க? கூலியா கொடுக்குறாங்க?"

பார்த்த மூன்று வீட்டுக்கும் திரும்பப் போனேன், மீதி வீடுகளுக்கும் போனேன். மீன் வாங்கிய நாள் கீற்று முடைந்த காசு வந்த நாள். பழைய சோற்றோடு விட்ட நாள் பூப்பறிக்கப் போன நாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நம் கேள்விக்குத்தான் அவர்களைத் தெரியவில்லை. ஒரே ஒரு வீட்டில் மட்டும் தப்பு இருந்தது: தங்கள் வீட்டுக்குப் போட்ட வடகத்தை விற்பனைக்குப் போட்டதாக மும்தாஜ் எழுதியிருந்தார். அதை மட்டும் குறிப்பிட்டு, மற்றதெல்லாம் சரி என்று அறிக்கை கொடுத்தேன். அவருடைய வேலை நிலைத்தது.

மறுநாள் அவரிடம் கொஞ்சம் கர்வமாகவே அந்தத் தப்பைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "தப்பு கண்டுபுடிச்சீங்களா? அப்ப நிஜமாவே எல்லா வீட்டுக்கும் போயிருக்கீங்க சார்" என்றார். யார் யாரை ஆய்வு செய்தது என்று எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்.

அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னார். "இல்லைன்னு சொன்னா உடனே எழுதிடாதீங்க. ஒரு நிமிஷம் பேசாம நில்லுங்க. அவங்களுக்கே ஞாபகம் வரும்."

அடக்கம் முடிந்த மறுநாள் நான் கணக்கெடுப்புக்காகச் சீர்காழிப் பக்கம் போக வேண்டியிருந்தது. மனசு சரியில்லை. வாசலில் வீட்டுக்காரர் நின்றுகொண்டு தன் மனைவிக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். "அவ வீட்லதான் இருக்கா. வேலை வெட்டி ஒண்ணும் கெடையாது. அப்படியே போட்டுக்குங்க."

பழைய ஆளாக இருந்தால் போட்டிருப்பேன். மும்தாஜிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்த ஒரு நிமிஷம்தான். டேப்லெட்டை மூடாமல், பேசாமல் நின்றேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப நேத்து பூரா களை எடுத்தது யாராம்?"

"நீங்களே வெளியில வந்து சொல்லுங்கம்மா" என்றேன்.