நாற்பது விநாடி நிறுத்தம்

பந்தை வைத்தாயிற்று. மட்டையும் கைக்கு வந்தாயிற்று. இனி அடிக்க வேண்டியதுதானே? அதுதான் இல்லை. எக்ஸ்பிரஸ் அக்கா குழியில் நட்ட கொடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு குளத்தை ஒரு பார்வை, அக்கரை மரங்களை ஒரு பார்வை, மேகத்தை ஒரு பார்வை. பின்னால் முறைக்காகக் காத்திருப்பவர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

"அக்கா, வண்டி கிளம்புமா, கிளம்பாதா?"

"இருங்கப்பா. அந்தக் கொக்கு எவ்வளவு நேரமா ஒத்தக் கால்ல நிக்குது, அதுக்கே அவசரம் இல்ல. உங்களுக்கென்ன வந்துது?"

ஒன்பது குழிகள் கொண்ட அந்தப் பொது கோல்ஃப் மைதானத்தில் இவரைவிட நிதானமான ஆள் கிடையாது. எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்தது அந்தக் கிண்டலில்தான். அக்காவுக்கு அதில் துளி வருத்தமில்லை. யாராவது புதிதாக வந்தால் அவரே சிரித்துக்கொண்டு அந்தப் பேரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்வார்.

வாரத்தில் ஆறு நாள் அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். ஸ்டியரிங் பக்கத்தில் நேர அட்டை ஒட்டியிருக்கும். எந்த நிறுத்தத்தில் எத்தனை விநாடி என்று கடிகாரம் பார்க்காமலே சொல்வார். "முன்னாடி ரோடு, பக்கத்துல கண்ணாடி. இருபது வருஷமா எனக்கு உலகம் இவ்வளவுதான். பாலத்துல போறப்ப ஆத்துல தண்ணி வந்திருக்குன்னு பின்னாடி பேசிக்குவாங்க. நான் காதால கேட்டுக்குவேன். இங்கயாவது கண்ணால பாக்க விடுங்களேன்!" என்பார்.

வெறும் வேடிக்கை என்றும் தள்ளிவிட முடியாது. பார்த்ததையெல்லாம் ஆட்டத்தில் கொண்டுவந்து விடுவார். குளத்து நாணல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பந்தைக் காற்றில் வளைப்பார். ஒருமுறை வேலி ஓரம் ஒட்டிக்கொண்ட பந்தை, கொடிக்கு முதுகைக் காட்டியபடியே பின்பக்கமாக ஒரு தட்டுத் தட்டி வெளியே எடுத்தார். அப்படியெல்லாம் அடிக்கலாமா என்று ஒருவர் விதிப் புத்தகத்தைப் புரட்டப் போய்விட்டார். "ரிவர்ஸ் கியர்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கான்?" என்று கேட்டுவிட்டு அக்கா நடையைக் கட்டினார்.

அவருடைய நாத்தனார் இதற்கு நேர் எதிர். மருந்துக்கடைக்காரி. எதையும் அளந்துதான் செய்வாள். வருடாந்திர ஜோடிப் போட்டியில் ஒரு கோப்பையாவது வாங்கிவிட வேண்டும் என்று ஏழு வருடமாக அவளுக்கு ஆசை. மூன்று முறை இரண்டாமிடம். மூன்று முறையும் கடைசிக் குழியில், நாலு எட்டு தூரத்தில் இருந்த பந்தைத்தான் தவறவிட்டாள். கிட்டத்தில் குழியைப் பார்த்தாலே அவள் கை தந்தியடிக்கும். கூட ஆடுகிற தோழி இந்த வருடம் ஊர் மாறிப் போய்விட, வேறு வழியில்லாமல் அண்ணியிடம் வந்தாள்.

இந்தப் போட்டியில் ஜோடிக்கு ஒரே பந்து. ஆளுக்கொரு அடியாக மாறி மாறி அடிக்க வேண்டும். ஓர் அடிக்கு நாற்பது விநாடி. தாண்டினால் முதலில் எச்சரிக்கை, மறுபடி தாண்டினால் கணக்கில் ஓர் அடி கூடும். மைதான மேற்பார்வையாளர் கையில் கடிகாரத்தோடு கூடவே வருவார்.

"அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னிக்கு ஒரு நாள் குனிஞ்ச தலை நிமிராம ஆடுங்க."

"என் கல்யாணத்தன்னிக்கே நான் அப்படி நிக்கலையே! சரி, உனக்காக."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பாவம். அவருடைய முதல் அடி நேராகக் குளத்துக்குள். இரண்டாவது, புல்வெட்டும் இயந்திரம் நிற்கும் கொட்டகையின் தகரத்தில் டமார். அக்காவின் முகம் பயணிகளே ஏறாத வண்டி மாதிரி ஆகிவிட்டது. பொறுத்துப் பார்த்த நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "போதும் சாமி! பாத்துட்டே அடிங்க. நாப்பது செகண்டுதான், சொல்லிட்டேன்."

அப்புறம் பார்க்க வேண்டுமே! கொக்கைப் பார்த்தார், அடித்தார். மேகத்தைப் பார்த்தார், அடித்தார். இழந்ததெல்லாம் குழிக்குக் குழி திரும்பி வந்தது. இதில் கூத்து என்னவென்றால், எட்டாவது குழியில் எச்சரிக்கை வாங்கியது அக்கா அல்ல, நாத்தனார். பந்தின் மேல் குனிந்தவள் நிமிரவே இல்லை. "உங்க அண்ணி முப்பத்தஞ்சைத் தாண்டுனதே இல்லம்மா. நீங்கதான் நாப்பத்தெட்டு," என்றார் மேற்பார்வையாளர்.

கடைசிக் குழி. இன்னும் இரண்டே அடியில் முடித்தால் கோப்பை. ஒன்று கூடினாலும் அது போன வருடம் ஜெயித்த ஜோடியிடமே தங்கிவிடும். அக்காவின் முறை. பந்துக்கும் கொடிக்கும் நடுவே ஒரு பெரிய மரம் நந்தி மாதிரி நின்றது. அக்கா வழக்கம்போல் திரும்பி நின்று பார்த்தார். பக்கத்து மேட்டில் மரத்திலிருந்து சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் உதிர்ந்திருந்தன. காற்றடிக்கும்போதெல்லாம் அவை சரிவில் வளைந்து உருண்டு, கொடியடியில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

அக்கா கொடியை விட்டுவிட்டு மேட்டைப் பார்த்து அடித்தார்.

"ஐயையோ அண்ணி! அங்க ஏன்?"

பந்து மேட்டில் ஏறி, யோசித்து, திரும்பியது. பூக்கள் போன வழியிலேயே வளைந்து உருண்டு குழிக்கு நாலு எட்டில் நின்றது. கூடியிருந்தவர்கள் கைதட்டிய தட்டில் கொக்கே ஒரு தடவை இறக்கையை விரித்து மூடியது.

இனி நாத்தனார். அதே நாலு எட்டு. குனிந்தாள். மட்டையின் நுனி புல்லில் நடுங்கியது. பத்து விநாடி. மேற்பார்வையாளர் கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

சட்டென்று நிமிர்ந்தாள். கொடிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். ஏழு வருடமாகச் சுற்றி வந்த குளத்தை இன்றுதான் பார்க்கிறவள் போல வாய் லேசாகத் திறந்திருந்தது. தோள் மெல்ல இறங்கியது.

"முப்பது ஆச்சு," என்றார் அக்கா, பக்கத்தில் நின்று, தாழ்ந்த குரலில். "போலாம், ரைட்."

திரும்பினாள், தட்டினாள். குழிக்குள் டொக்கென்று சத்தம்.

மைதானமே கத்தியது. அக்கா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். அந்தப் பிடியிலிருந்து ஒரு கையை மட்டும் உருவி, நாத்தனார் மட்டையால் குளத்தைக் காட்டினாள்.

"அண்ணி, அங்க பாருங்களேன். கொக்கு காலை மாத்திக்கிச்சு!"