செல்வி அக்கா கொடுத்த சவுக்குக் கொம்புகள்

யாருடைய கண்ணுக்குப் பயந்து அந்தச் செருப்பைக் கட்டினேன்? ஒரு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நெய்வேலிக் குவார்ட்டர்ஸுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இங்கே எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள்தான். ஆனாலும் முதலில் கேட்பது, “நீங்க எந்த ஊரு?” பதில் சொன்னதும் பேச்சு சுருங்கிவிடும். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் செல்வி அக்கா ஒருவர்தான் அப்படி இல்லை. இங்கே அருகிலேயே இருக்கும் கம்மாபுரம் பக்கத்துக்காரர். என் மகள் இனியாவுக்கு அவர் மகள் காவ்யாவை விட்டால் வேறு தோழி கிடையாது.

பின்பக்கம் தக்காளியும் அவரையும் போட்டிருந்தேன். காய் பிடித்ததும் தக்காளி பாரம் தாங்காமல், நான் ஊன்றியிருந்த மெல்லிய குச்சிகளோடு சாய்ந்தது. எட்டிப் பார்த்த அக்கா, “இன்னா இனியாம்மா, தொடப்பக் குச்சிய நட்டு வெச்சிக்கினு? எங்க அண்ணன் சவுக்கு வெட்டறாரு, கொண்டாரச் சொல்றேங்க” என்று சிரித்தார். சொன்னபடியே கொம்புகள் வந்தன. செடிக்கு ஒன்றாக நட்டு, பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் தண்டு இறுகாமல் கட்டினேன். வேலியோரம் நான்கை நிறுத்தி, குறுக்கே கயிறு இழுத்து அவரையை ஏற்றினேன். ஏறிய வேகத்தில் பூத்தது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் ஊரில் தக்காளிக்குக் கொம்பு ஊன்றியதும் முதல் கொம்பில் ஒரு பிய்ந்த செருப்பைக் கட்டிவிடுவார் அப்பா, கண் படாமலிருக்க. அது சாலையைப் பார்த்துத் தொங்கும். எதிரே வீடு கிடையாது. நான் கட்டியது வேலியோரக் கொம்பில். எதிரே செல்வி அக்காவின் சமையலறை வாசல். அது எனக்குத் தோன்றவே இல்லை என்றுதான் கணவரிடம் சொன்னேன்.

மறுநாள், முதல் ஷிப்டுக்கு ஆட்கள் போய் ஓய்ந்த நேரத்தில் வேலியருகே அக்காவின் குரல்.

“நான் குடுத்த கொம்புலயே செருப்பக் கட்டி என் வூட்டப் பாக்க தொங்க வுட்டிருக்கியா?”

முந்தின நாள்வரை ‘வாங்க, போங்க’ என்றவர்.

“கண்ணு பட்டுறக் கூடாதுன்னுதான்க்கா... எங்க ஊர்ல...”

“யாரு கண்ணு? என் கண்ணா? எங்கப்பா உங்கள மாதிரி ஆளுங்க தெருவுல செருப்பக் கையில எடுத்துக்கினு நடந்தவரு. தெரியுமாடி ஒனக்கு?”

தெரியாது என்றேன். அது பாதிப் பொய். எங்கள் தெருவில் அப்படி நடந்தவர்களைப் பற்றி அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

உடனே அவிழ்த்தேன். மன்னிப்புக் கேட்கப் போனேன், கதவு திறக்கவில்லை. பிள்ளைகள் புகுந்து வரும் வேலிச் சந்தில் முள்கம்பி சுற்றியாகிவிட்டது. இனியா அதன் முன்னால் நின்று, “காவ்யா, காவ்யா” என்கிறாள். உள்ளே டிவி சத்தம் கூடுகிறது. நேற்று துணி உலர்த்தும்போது என் முகத்தைப் பார்க்காமலே அக்கா சொன்னார்: “ஞாயித்துக்கெழம அண்ணன் வராரு. கொம்பு அத்தினியும் புடுங்கி வெச்சிடு.”

வேறு கொம்பு வாங்கி மாற்றிக் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். அவருக்கு அது வெறும் கொம்பு. அவரைக் கொடியின் நுனியோ வேலி தாண்டி அக்காவின் துணிக்கயிற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அக்கா அதை இன்னும் அறுக்கவில்லை. பார்க்கவில்லையோ என்னவோ. வேர் இந்தப் பக்கம், என் மண்ணில். என் மண் என்று சொல்வதும் சரியா, இது குவார்ட்டர்ஸ் மண்.

வெளியூரில் குடும்பம் நடத்தும் நீங்கள் சொல்லுங்கள். கொம்புகளைப் பிடுங்கி, மண் துடைத்து, வேலியோரம் அடுக்கி வைத்துவிடட்டுமா? இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அந்தக் கதவை இன்னொரு முறை தட்டட்டுமா? தட்டினால், இனியாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா, தனியாகத்தான் போகவேண்டுமா?